கறுப்புக் காரின் சுழிக்கீறல்

மலாக்கா ஜாசினில் நாங்கள் நடத்தும் சாயப் பட்டறைக்கு வருகிற கார்களில் பல எங்கும் இடிபட்டவை அல்ல. புதுக் கார், நல்ல கார். "அண்ணே, வாங்கி ரெண்டு வருஷம்கூட ஆகல. ராத்திரி பெட்ரோல் ஸ்டேஷன்ல லைட்டுக்குக் கீழ நிறுத்தினா பானட் முழுக்க வட்டம் வட்டமா கோடு தெரியுது. சாயம் போச்சா?" என்று கேட்பார்கள். கார் பெரும்பாலும் கறுப்பாகவோ கருநீலமாகவோ இருக்கும். வெள்ளைக் காரிலும் வெள்ளிநிறக் காரிலும் இதே கோடுகள் உண்டு. அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.

போன தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு பெம்பான் பக்கமிருந்து ஒரு தம்பி கறுப்பு மைவியோடு வந்தான். அவன் குடும்பத்தில் முதல் புதுக் கார் அது. அப்பா, தாத்தா இருவரும் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். "முழுசா புதுச் சாயம் அடிச்சிடலாமாண்ணே?" என்றான். "வேணாம்பா. சாயத்துக்கு ஒண்ணும் ஆகல. மேல இருக்கிற கிளியர்லதான் கீறல். அதை நீயே எடுக்கலாம். ஆனா எப்படி வந்துச்சுன்னு தெரியாம போலிஷ் மெஷினைத் தொடாத" என்றேன். அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். கார்க்காரர்கள் 'ஸ்வர்ல் மார்க்' என்று சொல்லும் இந்தச் சுழிக்கீறலை முதல்முறை எடுக்கப் போகிறவர் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: எவ்வளவு குறைவாகத் தேய்த்து முடிக்கலாம்?

ஏன் குறைவாக? அலோர் காஜாவில் பெகோ தொழிற்பேட்டையில் ஹோண்டா ஆலை இருக்கிறது. 2003 முதல் அங்கே கார் தயாராகிறது. அந்த ஆலையானாலும் வேறு எந்த ஆலையானாலும் சாயம் ஏறும் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். வெறும் இரும்புக் கூட்டை முதலில் ஒரு தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, துருப்பிடிக்காத ஒரு பூச்சை ஏற்றுவார்கள். அதன்மேல் பிரைமர். அதன்மேல்தான் நிறம். நிறப் பூச்சு தனியாகப் பளபளக்காது, மங்கலாகவே இருக்கும். கடைசியாக அதன்மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர்தான் பளபளப்பைத் தருகிறது. இத்தனையும் சேர்த்து மொத்தக் கனம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். 1,000 மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான். கிளியரின் கனமோ 35 முதல் 50 மைக்ரான்தான்.

வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்தும் அந்த மெல்லிய கிளியரில்தான் கலந்திருக்கிறது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு 2 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. வருஷம் முழுக்க உச்சி வெயில். மெர்லிமாவ் சந்தைப் பக்கம் பழைய கார்கள் நிற்கும்போது கூரையையும் பானட்டையும் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து, தோல் உரிந்ததுபோல் நிற்கும் கார் ஒன்றாவது கண்ணில் படும். அது கிளியர் செத்துப்போன கார். எந்த போலிஷும் அதைக் காப்பாற்றாது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் அடிக்க வேண்டும்.

சுழிக்கீறலை எடுப்பது என்றால் கீறலை நிரப்புவது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். அப்படியில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றிலுமுள்ள கிளியரைத் தேய்த்து இறக்கிச் சமமாக்குகிறோம். ஒவ்வொரு முறையும் கிளியர் கொஞ்சம் குறைகிறது. குறைந்தது திரும்ப வராது. நல்லவேளையாக இந்தக் கீறல்களின் ஆழம் மிகக் குறைவு. கவனமாகச் செய்தால் ஓரிரு மைக்ரானோடு வேலை முடிந்துவிடும். ஆனால் வருஷத்துக்கு இரண்டு முறை 'கட்டிங் போலிஷ்' போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் காருக்கு நன்மை செய்வதாக நம்பிக்கொண்டு அதன் ஆயுளைத் தேய்க்கிறார்கள். இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

இன்னொரு விஷயம். அந்தக் கீறல்கள் வட்டமாக இல்லை. நேர்கோடாக, குறுக்கும் நெடுக்குமாக எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒரு விளக்கின் ஒளி விழும்போது, அந்த ஒளிப்புள்ளியைச் சுற்றி வளைந்து செல்லும் திசையில் அமைந்த கீறல்கள் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன. மற்றவை இருட்டில் மறைந்துவிடும். அதனால்தான் வட்டம் தெரிகிறது. நாம் தலையை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும். தேய்த்துத் தேய்த்துப் பழசான எவர்சில்வர் தட்டை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் இதே வேடிக்கை தெரியும். ஆகவே "வட்டமாத் துடைச்சதாலதான் வட்டமா வந்துச்சு, இனி நேரா துடைக்கிறேன்" என்பதில் பாதிதான் உண்மை. நேராகத் துடைத்தாலும் மண்ணோடு துடைத்தால் கீறும்.

மண்தான் காரணம். தோட்டப் பாதையில் போய் வந்த காரின் கதவில் படிகிற செம்மண்ணில் இரும்புத் துரு மட்டும் இல்லை, பொடிப்பொடியான குவார்ட்ஸ் மணலும் இருக்கிறது. மோஸ் என்ற கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸுக்கு 7. கண்ணாடியையே கீறும். கிளியரோ என்னதான் கெட்டியானாலும் ஒரு வகை பிளாஸ்டிக்தான். செம்பனை லாரி முன்னால் போக, அதன் புழுதியில் வந்த காரை வீட்டு வாசலில் நிறுத்திக் கோழியிறகு துடைப்பத்தால் ஒரு தட்டு தட்டிவிடுவது இங்கே நெடுநாள் பழக்கம். அந்த ஒரு தட்டில் விழுகிற கீறலை எடுக்க அரை நாள் வேலை.

புழுதியைத் துடைக்காமல் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. லயத்தில் பல வீட்டுக்கு ஒரே குழாய். தண்ணீரைக் கொட்டிக் கழுவுவது பாவம் என்று வளர்ந்தோம். 1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றி மலாக்கா முழுக்கத் தண்ணீருக்குத் தவித்த காலத்தை அனுபவித்தவர்கள், இன்றும் ஒரு வாளி, ஒரு துண்டு என்றுதான் கார் கழுவுகிறார்கள். தண்ணீரை மிச்சப்படுத்துவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே வாளியில் துண்டை முக்கி, கதவின் அடியைத் துடைத்து, மறுபடி அதே வாளியில் முக்கிப் பானட்டைத் துடைத்தால், கதவு மண் பானட்டுக்கு ஏறுகிறது. சிவப்பு எழுத்துப் போட்ட 'குட் மார்னிங்' துண்டு முகம் துடைக்க அருமையானது. அதன் பருத்தி நூலுக்கு மண்ணைத் தனக்குள் இழுத்துக்கொள்ளத் தெரியாது. மேலேயே வைத்துக்கொண்டு இழுத்துவிடும்.

புதுக் காருக்குக் கோயிலில் பூஜை போடுவது நம் வழக்கம். ஆயுத பூஜைக்கும் போடுவோம். விபூதி, சந்தனம், குங்குமம் மூன்றும் பானட்டில் ஏறும். மறுநாள் காய்ந்துபோன அந்தச் சந்தனத்தை வெறும் துணியால் சுரண்டுவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். காருக்கு விழும் முதல் கீறல் அதுதான். பூஜையை விட வேண்டாம். கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டிலோ பொட்டு வையுங்கள் என்று ஐயரிடம் சொன்னால் மறுக்கமாட்டார். பானட்டில்தான் வேண்டும் என்றால், அன்றைக்கே நிறையத் தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவிவிடுங்கள். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குப் போய்ப் புல்வெளியில் நிறுத்திவிட்டு வந்தாலும் இதேதான். வீட்டுக்கு வந்ததும் துடைக்காதீர்கள், கழுவுங்கள்.

சரி, இனி வேலைக்கு வருவோம். முதலில் கீறலின் ஆழத்தைப் பாருங்கள். விரல் நகத்தை மெதுவாகக் கோட்டின் குறுக்கே இழுத்தால் நகம் மாட்டுகிறதா? மாட்டினால் அது சுழிக்கீறல் அல்ல, ஆழமான கீறல். அதைத் தேய்த்து எடுக்க நினைக்காதீர்கள். பட்டறையில் காட்டுங்கள், அல்லது அதோடு வாழப் பழகுங்கள். அடுத்து, காரில் எந்தப் பகுதியாவது மறுபடி சாயம் அடிக்கப்பட்டதா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆலையில் கிளியரைச் சுமார் 140 பாகைச் சூட்டில் வேகவைக்கிறார்கள். பட்டறையில் கண்ணாடி, ஒயர், பிளாஸ்டிக் எல்லாம் மாட்டியிருக்கும் காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது, 60 பாகையோடு சரி. மற்றதை ஹார்டனர் பார்த்துக்கொள்ளும். எனவே புதிதாக அடித்த பகுதி ஒரு மாதமாவது ஆறட்டும். கனம் பார்க்கும் கருவி எங்களைப் போன்ற பட்டறைகளில் இருக்கும். பழைய கார் வாங்கியவர்கள் ஒருமுறை அளந்துகொள்வது நல்லது. 80 மைக்ரானுக்குக் கீழே காட்டும் இடத்தில் நான் மெஷின் வைக்கமாட்டேன்.

கழுவும்போது இரண்டு வாளி. ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். கழுவும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்புக்குள் விட வேண்டும். அதற்கும் முன்னால் பைப் தண்ணீரால் மண்ணை ஓடவிடுங்கள். கழுவி முடிந்ததும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாக இருந்தது பையோடு தடவும்போது சொரசொரக்கும். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்தூள், மரப்பிசின், தார் எல்லாம் ஒட்டிக் கிடக்கின்றன. இரும்புத்தூளுக்கு ஒரு திரவம் விற்கிறது. தெளித்தால் தூள் இருக்கும் இடமெல்லாம் ஊதாவாக வழியும். மிச்சத்துக்குக் கிளே பார் என்கிற களிக்கட்டி. ஷாம்புத் தண்ணீர் நிறையத் தெளித்து, அழுத்தாமல் வழுக்கவிட வேண்டும். கட்டி தரையில் விழுந்துவிட்டால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள். இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்து நேரே மெஷினைப் போட்டால், ஒட்டியிருக்கும் தூளையெல்லாம் மெஷினின் ஸ்பாஞ்சு பேட்டில் சேர்த்துப் புதுக் கீறல் போடுகிறீர்கள்.

கறுப்பு பிளாஸ்டிக், ரப்பர் ஓரங்கள், கதவுக் கைப்பிடியின் விளிம்பு, உடலில் மடிப்பு விழும் கூர்க்கோடுகள் ஆகியவற்றுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இந்த டேப்பே கார்ச் சாயத்துக்காகப் பிறந்ததுதான். 1920-களில் அமெரிக்காவில் இரண்டு நிறக் கார் மோகம் வந்தபோது, நிறங்களுக்கு நடுவே நேர்க்கோடு பிடிக்கமுடியாமல் பட்டறைக்காரர்கள் திண்டாடினார்கள். அதைப் பார்த்த 3எம் நிறுவனத்தின் இளைஞர் ரிச்சர்ட் ட்ரூ 1925-இல் இதைச் செய்து கொடுத்தார். நூறு வருஷம் கழித்தும் எங்கள் பட்டறையில் அது இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. கூர்க்கோட்டில் ஒட்டுவதற்குக் காரணம் உண்டு. விளிம்பில் கிளியர் மெலிந்திருக்கும், மெஷினின் அழுத்தமோ அங்கேதான் அதிகம் விழும். சாயம் எரிந்து பிரைமர் தெரிகிற விபத்து பெரும்பாலும் விளிம்பில்தான் நடக்கிறது.

மெஷின் இரண்டு வகை. ரோட்டரி ஒரே அச்சில் சுற்றுவது. வேகமாக வெட்டும், ஒரே இடத்தில் சூட்டைக் குவிக்கும். கை பழகாதவரிடம் அது சில நொடிகளில் கிளியரைத் தாண்டிவிடும். மற்றது டூயல் ஆக்‌ஷன், 'டி.ஏ.' என்பார்கள். சுற்றிக்கொண்டே அங்குமிங்கும் ஆடவும் செய்யும். அழுத்தினால் சுற்றுவது நின்று வெறுமனே ஆடும், அதனால் சேதம் குறைவு. புதியவர் வாங்க வேண்டியது டி.ஏ. மட்டுமே. சில நூறு வெள்ளியில் கிடைக்கிறது. கையாலேயே தேய்த்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு கையகல இடத்துக்குக் கை போதும். முழு பானட்டுக்குக் கையால் ஒரே சீராக வராது, தோள் வலிதான் மிஞ்சும்.

வெயிலில் செய்யாதீர்கள். வீட்டுப் போர்ச்சில், காலை நேரத்தில், இஞ்சின் ஆறிய காரில். சூடான தகரத்தில் போலிஷ் உடனே காய்ந்து ஒட்டிப்போகும். ஒரு நல்ல எல்.இ.டி. டார்ச் கட்டாயம். முதலில் பானட்டின் ஒரு மூலையில் இரண்டடிக்கு இரண்டடி சதுரம் டேப் கட்டிப் பரீட்சை செய்யுங்கள். பரீட்சைக்கு எடுக்க வேண்டியது கையில் இருப்பதிலேயே மிருதுவான ஸ்பாஞ்சு பேட்டும் மிக நைசான போலிஷும். கட்டிங் காம்பவுண்டை எடுக்கக் கை துறுதுறுக்கும், எடுக்காதீர்கள். நைசான போலிஷே முக்கால்வாசிக் கீறலை எடுத்துவிட்டால் அதற்கு மேல் போக வேண்டியதில்லை. எடுக்கவில்லை என்றால் பேட்டை மட்டும் ஒரு படி கடினமாக்குங்கள். அப்போதும் எடுக்காவிட்டால்தான் காம்பவுண்ட். கிளியரின் கடினம் காருக்குக் கார் மாறும். பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்தது உங்களுக்குப் பலிக்க வேண்டியதில்லை.

பேட்டில் பட்டாணி அளவில் நான்கைந்து பொட்டு போலிஷ். மெஷினை ஓடவிடாமல் முதலில் சதுரம் முழுக்க ஒற்றி வையுங்கள், இல்லாவிட்டால் சுவரெல்லாம் தெறிக்கும். குறைந்த வேகத்தில் பரப்பிவிட்டு, மெஷினின் வேக எண்ணை நான்கு அல்லது ஐந்துக்கு ஏற்றுங்கள். கை மெதுவாக நகர வேண்டும், ஒரு நொடிக்கு ஓர் அங்குலம் போதும். போன தடத்தின் பாதியை அடுத்த தடம் மூட வேண்டும். இடவலமாக ஒரு சுற்று, மேல்கீழாக ஒரு சுற்று, மறுபடி அதேபோல். மெஷினின் சொந்தக் கனத்தோடு சற்றே அழுத்தினால் போதும். பேட் பிடிக்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். அந்தக் கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிந்தால் வேலை நடக்கிறது. கோடு ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் அதிகம் அழுத்துகிறீர்கள், அல்லது பேட்டைச் சாய்த்துப் பிடித்திருக்கிறீர்கள். இந்தக் கோட்டைத்தான் நான் அந்தத் தம்பிக்கு முதலில் போட்டுக் காட்டினேன். அதற்கப்புறம் அவனுக்குக் கேள்விகள் குறைந்துபோயின.

பம்பர் பிளாஸ்டிக். சூட்டை வெளியே விடாது, கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேட்டைப் பிரஷால் சுத்தம் செய்யுங்கள். தேய்ந்த கிளியரும் பழைய போலிஷும் அதில் அடைந்திருக்கும். ஒரு காருக்கு ஒரே பேட் போதாது, மூன்று நான்காவது வைத்துக்கொள்ளுங்கள். போலிஷைத் துடைக்கும் துணியில் வெள்ளைப் பசை வந்தால் அது தேய்ந்த கிளியரும் போலிஷும். காரின் நிறமே துணியில் வந்தால் உடனே நிறுத்துங்கள். கிளியர் இல்லாத பழைய காலத்துச் சாயமாக இருக்கலாம், அல்லது கிளியர் போயே போய்விட்டது.

துடைத்ததும் பளபளவென்று இருக்கும், மயங்க வேண்டாம். போலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைத்திருக்கக்கூடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து தெளித்துத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் நிஜம். எண்ணெயும் மெழுகும் கலந்து நிரப்பி மட்டும் கொடுக்கும் புட்டிகள் கடைகளில் உண்டு. அவற்றால் கிளியருக்குக் கேடில்லை, சில கழுவலில் கீறல்கள் திரும்பிவிடும். காரை விற்கிற அன்றைக்குப் போட்டுக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதைக் கருத்தில் வைத்து வெயிலில் நிறுத்திப் பாருங்கள்.

எல்லாக் கீறலையும் எடுக்கப் பார்க்காதீர்கள் என்று கெஞ்சியே சொல்கிறேன். பத்தில் எட்டுப் போனால் கார் புதுசாகத் தெரியும். மிச்சம் இரண்டைத் துரத்திப் போகும்போதுதான் கிளியர் தீர்கிறது. முடிந்ததும் மெழுகோ சீலன்ட்டோ பூசுங்கள். பறவை எச்சமும் மழைத்துளித் தடமும் உள்ளே இறங்காமல் கொஞ்ச காலம் காக்கும். கிளேபாங், தங்கா பத்து போன்ற கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் உண்டு. செராமிக் கோட்டிங் போட்டால் கீறவே கீறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மண்ணோடு தேய்த்தால் அதுவும் கீறும்.

இனிக் கழுவும் முறையை மாற்றாவிட்டால் செய்ததெல்லாம் இரண்டு மாதத்தில் போய்விடும். கோழியிறகுத் துடைப்பத்தை வீட்டு மேசைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள், கூரை முதலில், சக்கரம் கடைசியில். துவட்டும்போது பெரிய மைக்ரோஃபைபர் துண்டை விரித்துப் போட்டு ஒற்றி எடுங்கள், இழுக்க வேண்டாம். இந்தத் துண்டுகளை மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், சாஃப்ட்னரும் போடாதீர்கள். கதவின் அடிப்பகுதிக்கும் பின் பம்பருக்கும் வேறு நிறத்தில் ஒரு தனிக் கையுறை வைத்து, அது பானட் பக்கமே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.